பன்னிரண்டு சிவப்பு உருண்டைகள்

டமாரத்துக்கு வயது ஒன்பது. அது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. மாமா வைத்த பெயர். எந்தச் செய்தியானாலும் அவள் காதில் விழுந்தால் போதும். அடுத்த ஐந்தாவது நிமிடம் நான்கு மாடிகளுக்கும் தெரிந்துவிடும். கீழ்வீட்டு அக்காவுக்கு வேலை கிடைத்த செய்தியை, அந்த அக்காவின் அம்மாவே இவள் வாயால்தான் முதலில் கேட்டார். அன்றைக்குத்தான் மாமா, "இது பொண்ணு இல்ல, டமாரம்!" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை காலை, அம்மா ஒரு துண்டுச் சீட்டை அவள் கையில் திணித்தாள். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. நாள் முழுவதும் சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைப்பாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சரக்கு அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"சந்தைக்கு எப்பவும் நான்தான் போவேன். இந்தத் தடவை நீயும் அப்பாவும் போயிட்டு வாங்க. பழைய அலங்காரச் சாமானெல்லாம் மழையில நனைஞ்சு வீணாப் போச்சு. சாயங்காலம் மாமா வந்ததும் கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்திடலாம்" என்றாள் அம்மா.

சீட்டில் மூன்றே வரிகள் இருந்தன.

சிவப்பு உருண்டை 12.
வெள்ளி ஜிகினா மாலை 2.
உச்சியில் வைக்க ஸ்டார் 1.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே இழுத்தார். "ஏம்மா, உன் தம்பியைப் போகச் சொல்லலாமே? அவன்தான் பெயிண்டர். கலரெல்லாம் அவனுக்குத்தான் அத்துப்படி."

"அவன் சாரத்துல தொங்கிட்டு ஏதோ சுவருக்கு வெள்ளை அடிச்சிட்டு இருக்கான். உருண்டை வாங்க எதுக்குங்க பெயிண்டர்? பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அம்மா ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டாள்.

அப்பா சாவி செய்பவர். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், நடைபாதையில் ஒரு சின்ன மேசைதான் அவருடைய கடை. தொலைந்த சாவி, உடைந்த சாவி, துருப்பிடித்த பூட்டு எல்லாம் அவரிடம்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே, சாவியின் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பூட்டுக்குப் பயப்படாத அப்பா கடைக்குப் போக ஏன் இப்படித் தயங்குகிறார் என்று டமாரத்துக்குப் புரியவில்லை.

சந்தை இரண்டு தெருக்களுக்கு அப்பால் இருந்தது. மற்ற நாட்களில் அங்கே வெங்காயமும் பிளாஸ்டிக் வாளியும்தான் விற்பார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் வெங்காயக் கடைக்கு மேலேயே காகித ஸ்டார்கள் தொங்கும். செருப்புத் தைப்பவரின் குடையைச் சுற்றி ஜிகினா மாலை மின்னும். ஒருவர் தலையில் ஏழு சிவப்புக் குல்லாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, "மேல இருக்கறது புதுசு! கீழ இருக்கறதும் புதுசு!" என்று கூவிக்கொண்டு நடந்தார்.

"அப்போ நடுவுல இருக்கறது?" என்று டமாரம் கத்தினாள்.

"அதுவும் புதுசுதான் தாயி! நீ வாங்குறதா இருந்தா சொல்லு!"

ஜிகினா மாலையும் தங்க நிற ஸ்டாரும் சீக்கிரம் கிடைத்துவிட்டன. உருண்டைக்காக ஒரு அம்மாவின் கடைக்குப் போனார்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் குளிக்கும் தொட்டி அளவுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தார். அதற்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று உருண்டைகள் கலந்து கிடந்தன. பக்கத்தில், பார்வைக்காக, ஒன்றும் தொங்கவிடாத ஒரு பிளாஸ்டிக் மரம் நின்றது. பின்னால் கூட்டம் நெருக்கியடித்தது.

"பொறுக்கிக்கோங்க, பொறுக்கிக்கோங்க! பார்த்துப் பொறுக்கினா நல்லதா கிடைக்கும்!" என்றார் கடைக்காரம்மா.

"சிவப்பு பன்னிரண்டு வேணும்" என்றார் அப்பா. குனிந்து வேகவேகமாக எடுத்துக் கூடையில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று...

டமாரம் கூடையை எட்டிப் பார்த்தாள். அவளுடைய வாய் யாரையும் கேட்டுக்கொண்டு திறக்கும் வாய் இல்லை.

"அப்பா! என்னப்பா இது? பாதிக்குப் பாதி பச்சையா இருக்கு!"

தெருவே திரும்பிப் பார்த்தது போல இருந்தது. கடைக்காரம்மா கூடையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன சார், சிவப்புன்னு கேட்டுட்டுப் பச்சையா அள்ளுறீங்க?" பின்னால் நின்ற ஒருவர், "கண்ணாடி போடுற வயசு வந்துடுச்சு போல" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார். ஆனால் அது வாய் மட்டும் சிரித்த சிரிப்பு. உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் திரும்ப வைத்தார்.

"வா, போகலாம். இந்தக் கடை சரியில்ல."

அடுத்த கடையில் நிற்கவில்லை. அதற்கடுத்த கடையிலும் நிற்கவில்லை. சந்தையின் கோடியில், மூடியிருந்த ஒரு கடையின் படியில் போய் உட்கார்ந்தார். வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கி, அவளுக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டமாரம் கடலையைத் தின்னவில்லை. அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சாவி வளையம் வாங்க வருபவர்கள் கலர் சொல்லிக் கேட்டால், அப்பா டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி, "எங்க, அந்தக் கலரை எடு பார்க்கலாம்?" என்பார். மூன்று வயதில் அது விளையாட்டாக இருந்தது. ஒன்பது வயதிலும் அதையே கேட்டதால், "நான் என்ன பாப்பாவா?" என்று கோபித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா அவளுக்குக் கலர் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளிடம் கலரைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக டமாரம் மெதுவாகப் பேசினாள்.

"அப்பா... உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாதா?"

அப்பா ஒரு கடலையை உடைத்தார். இன்னொன்றையும் உடைத்தார்.

"தெரியாது" என்றார். "ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி."

"எப்பருந்து?"

"பிறந்ததுல இருந்தே. ஒரு டாக்டர் கண்ணைச் சோதிச்சுட்டு, சில பேருக்கு இப்படித்தான் இருக்கும், பயப்பட ஒண்ணும் இல்லன்னார். பயமெல்லாம் இல்ல. உன் வயசுல பள்ளிக்கூடத்துல ஒரு கிளி வரைஞ்சேன். உடம்பெல்லாம் சிவப்பு அடிச்சேன். மூக்குக்குப் பச்சை."

டமாரத்துக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரி, பரவாயில்ல. டீச்சர் அதைத் தூக்கிக் காட்டினாங்க. வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், வேற என்ன பண்றது? அதோட சரி. அப்புறம் யார்கிட்டயும் சொல்லல."

"அம்மாகிட்டகூடவா?"

"உங்கம்மா என்னைக் கவனம் இல்லாத ஆளுன்னு நினைச்சிட்டு இருக்கா. அதுவே இருந்துட்டுப் போகட்டும்."

"மாமாகிட்ட?"

"ஐயையோ! அவன் பெயிண்டர். தெரிஞ்சா அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் என்னை ஓட்டுவான்." அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ யார்கிட்டயும் சொல்லாம இருப்பியா?"

டமாரம் நன்றாக யோசித்தாள். பொய்ச் சத்தியம் செய்ய அவளுக்குப் பிடிக்காது.

"ரொம்பக் கஷ்டம்பா. ஆனா இருப்பேன்."

கொஞ்ச நேரம் இருவரும் கடலை தின்றார்கள். டமாரத்தின் தலைக்குள் இன்னொரு கேள்வி முளைத்தது.

"அப்போ நம்ம வீட்டு மரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜிகினா தெரியும். உச்சியில ஸ்டார் தெரியும்."

"உருண்டை?"

"கிட்டப் போனா பளபளன்னு ஏதோ தெரியும். தள்ளி நின்னா மரம்தான் தெரியும்."

ஒவ்வொரு வருடமும் அம்மாவும் அவளும் பார்த்துப் பார்த்துத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ரொம்ப அழகா இருக்கு" என்பார். டமாரம் மீதிக் கடலையை அப்பாவின் கையில் கொடுத்தாள். எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டினாள்.

"வாங்கப்பா. அந்தக் கடைக்கே போகலாம்."

"அங்கேயேவா? வேண்டாம்மா."

"அங்கதான் மரம் நிக்குது. எனக்கு மரம் வேணும்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போனார். கடையிலிருந்து பத்தடி தள்ளி, வாளிக் கடைக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினாள் டமாரம். "இங்கேயே நில்லுங்க. நான் ஒவ்வொண்ணா மரத்துல மாட்டுவேன். பளிச்சுன்னு தெரிஞ்சா கையைத் தூக்குங்க. தெரியலன்னா சும்மா நில்லுங்க."

முதலில் ஒரு சிவப்பு உருண்டையை மாட்டினாள். அப்பா கை கட்டி நின்றார். பச்சையை மாட்டினாள். அப்பா அசையவில்லை. வாளிக் கடைக்காரர் மட்டும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பாப்பா, என்ன பண்ற? உங்கப்பா ஏன் அங்க சிலை மாதிரி நிக்கிறாரு?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

உண்மை டமாரத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். "தூரத்துல இருந்து எப்படி இருக்குன்னு பார்க்குறாரு" என்றாள். அதுவும் உண்மைதானே!

நீல உருண்டையை எடுத்து மாட்டினாள்.

அப்பாவின் கை சட்டென்று மேலே போனது. மஞ்சளை மாட்டினாள். இன்னொரு கையும் மேலே போனது. சந்தை நடுவில், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றார் அப்பா. இந்தத் தடவை கண்ணும் சேர்ந்து சிரித்தது.

"எங்களுக்கு நீலம் ஆறு, மஞ்சள் ஆறு" என்றாள் டமாரம்.

"சிவப்பு இல்லாம கிறிஸ்துமஸா?" என்று வியந்தார் கடைக்காரம்மா.

"குல்லாய்க்காரர் தலையில வேணுங்கற அளவுக்கு இருக்கே!"

டமாரம் கலர் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அப்பா ஒவ்வொன்றையும் வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார். "இதுல மயிரிழை விரிசல் இருக்கு. இதுல கொக்கி ஆடுது, நாளைக்கே கழண்டு விழும்" என்று மூன்றைத் தனியே வைத்தார். கடைக்காரம்மா வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட, ஆமா! எனக்கே தெரியல. சார், நீங்க இங்கேயே உட்காருங்க. நான் வீட்டுக்குப் போறேன்!"

வீடு திரும்பும்போது அப்பா பையை வீசிக்கொண்டே நடந்தார். டமாரம்தான் பேசவில்லை. படியேறும்போது கீழ்வீட்டு அக்கா, "என்ன டமாரம், சந்தையில என்ன விசேஷம்?" என்று கேட்டாள். டமாரம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரே ஓட்டமாக மேலே ஓடிவிட்டாள்.

சாயங்காலம் அம்மாவும் மாமாவும் ஒன்றாக வந்தார்கள். மாமாவின் காதிலும் புருவத்திலும் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அம்மா கைகால் கழுவிவிட்டு வந்து பையைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள்.

"சிவப்பு எங்க?"

டமாரம் அப்பாவைப் பார்த்தாள்.

"சீட்டுல எழுதிக் கொடுத்தேனே! நீலமும் மஞ்சளும் யாரு கேட்டா?"

"நான்தாம்மா மாத்தினேன்" என்றாள் டமாரம்.

"ஏன்?"

டமாரம் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"ஏன்னு கேட்டேன். கடையில சிவப்பு இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன? ஒரு சாமான் ஒழுங்கா வாங்கத் தெரியாதா? பெரிய மனுஷி மாதிரி இஷ்டத்துக்கு வாங்கிட்டு வந்தா என்ன அர்த்தம்? நாளைக்கே போய் மாத்திட்டு வரணும், சொல்லிட்டேன்."

மாமா ஒரு நீல உருண்டையை எடுத்துச் சுழற்றிப் பார்த்தார். "பச்சை மரத்துல நீலமா? எந்த ஊர் ரசனை இது? அத்தான், நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? அக்கா, இங்க பாரு. டமாரம் வாயைத் திறக்க மாட்டேங்குது! காய்ச்சலான்னு தொட்டுப் பாரு."

டமாரத்தின் கண்ணில் நீர் முட்டியது. சொல்லிவிட்டால் ஒரு நொடியில் எல்லாம் சரியாகிவிடும். ஆனாலும் அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவளைத் திட்டாதே. எனக்காகத்தான் மாத்தினா" என்றார். "எனக்குச் சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாது. பிறந்ததுல இருந்தே அப்படித்தான். சிவப்பு உருண்டை தொங்கவிட்டா எனக்கு மரம் மட்டும்தான் தெரியும். நீலமும் மஞ்சளும் நல்லா தெரியுது. அதுக்குத்தான்."

டமாரம் மாமாவைப் பார்த்தாள். மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது.

"அத்தான்" என்றார் கடைசியில். "போன வருஷம் உங்க வாசக் கதவுக்கு நான் ஒரு கலர் அடிச்சேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. மண்ணு கலரு."

"மண்ணா! பச்சை அத்தான், பச்சை! மூணு தடவை அடிச்சேன்! கலர் எப்படின்னு கேட்டதுக்கு, 'பிரமாதம்'னு சொன்னீங்களே!"

"வழவழன்னு இருந்துச்சு, மச்சான். ஒரு இடத்துலகூட ஒழுகல. அதைத்தான் சொன்னேன்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஒருவேளை அப்பாவாகவே இருக்கலாம். சிரித்துச் சிரித்து மாமாவின் புருவத்திலிருந்த பெயிண்ட் உதிர்ந்தது.

அம்மா மட்டும் சிரிப்புக்கு நடுவே ஏதோ யோசித்தாள். "அப்போ நான் தச்சுக் கொடுத்த அந்தச் சிவப்புச் சட்டை?"

"அது சிவப்பா?" என்றார் அப்பா. "தையலைத் தடவிப் பார்த்தேன். நூல் பிடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு. அதனாலதான் அதையே போட்டுட்டுத் திரியறேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. கலரைப் பாராட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. டமாரத்தை இழுத்து அணைத்துக்கொண்டாள். "காலையில இருந்து இதை வயித்துக்குள்ளயே வச்சிருந்தியா? நீயா?"

"வயிறே வலிக்குதும்மா!" என்றாள் டமாரம். அதன் பிறகு அவள் வாய் மூடவே இல்லை. கிளி முதல் வாளிக் கடைக்காரர் முழித்த முழி வரை எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள்.

மரத்தை நிறுத்தினார்கள். கிளைகளை விரித்தார்கள். மாமா முக்காலியில் ஏறி ஸ்டாரை வைத்தார். அம்மா ஜிகினாவைச் சுற்றினாள். டமாரம் உருண்டைகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். அப்பா இந்த வருடம் நாற்காலியில் உட்காரவில்லை. அறையின் மறுகோடிக்கு, அடுப்பு மேடை வரைக்கும் பின்னால் நகர்ந்து போய், சாய்ந்து நின்று பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார்.

"பதினொண்ணுதான் இருக்கு. ஒண்ணு எங்க?"

பன்னிரண்டாவது மாமாவின் சட்டைப்பையில் இருந்தது. மாமா அசடு வழிந்துகொண்டே அதை எடுத்து, கைக்கு எட்டிய கிளையில் மாட்டினார்.

"மச்சான், அந்த நீலம் ரொம்பக் கீழ இருக்கு. ஒரு கிளை மேல போடு."

கலர் விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காத மாமா, முக்காலியில் ஏறி ஒரு கிளை மேலே மாட்டினார். "இப்ப சரியா அத்தான்?"

"இப்ப பக்கத்துல இருக்கற மஞ்சள் இடிக்குது. அதைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளு."

"ஏங்க, எல்லாம் நல்லாத்தானே இருக்கு? சாப்பிட வாங்க" என்றாள் அம்மா.

"இரு, இரு" என்றார் அப்பா. மரத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவே இல்லை. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."